தெளிந்த நீரெல்லாம் நன்னீரா?

வீட்டுக் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதைச் சோதித்தவர் யார் என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பொருட்டு அந்தப் பணியை நீர் வழங்கும் துறையினர் செய்துவிடுகின்றனர். ஆனால், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பயிருக்கும் ஒரே கிணற்றை நம்பியிருக்கும் குடும்பத்தின் நிலை வேறு. அங்கு நீர் நல்லதா கெட்டதா என்பதை அந்தக் குடும்பமே அறிந்துகொள்ள வேண்டும். கண்ணால் பார்த்தும் நாவால் சுவைத்தும் அதை முழுமையாக அறிய முடியுமா? முடியாது. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் கரைந்திருக்கலாம்.

கடலோர விவசாயப் பகுதி ஒன்றில் நிலத்தடி நீர் எவ்வாறு மாசுபடுகிறது, அதன் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பவற்றை இப்பகுதியில் காண்போம். அதற்கு எடுத்துக்காட்டாக, இலங்கையின் வடக்கே உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய வந்த பலருக்குச் சொந்த ஊர் அந்தக் குடாநாடுதான். உங்கள் நண்பர்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தா அங்குள்ள ஒரு கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவராக இருக்கலாம்.

ஆறில்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சமதளமான நிலம், மலைகள் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கு இல்லை. வழுக்கையாறு என்று ஓர் ஆறு உண்டு. அதுவும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது பெய்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றுமே மிகுதி.

இருப்பினும் அங்குள்ள செம்மண் நிலத்தில் சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, வாழை முதலியவை செழிப்பாக விளைகின்றன. இதற்குக் காரணம் நிலத்தடி நீரே. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புப் பாறை பரந்து கிடக்கிறது. இந்தப் பாறையில் வெடிப்புகளும் துளைகளும் குகை போன்ற இடைவெளிகளும் உண்டு. மழைநீர் மெல்லிய மண் படலத்தைக் கடந்து இவற்றுக்குள் இறங்கித் தங்குகிறது. மக்கள் கிணறு தோண்டி அதை எடுத்துப் பயன்படுத்துகின்றனர். அங்கு ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வளவிலும் ஒரு கிணறு இருக்கும். தோட்டத்திலும் ஒரு கிணறு இருக்கும்.

நிலத்துக்கு அடியில் ஒரு நீர்வில்லை

குடாநாட்டைச் சூழ்ந்திருப்பது கடல். அதன் நடுவிலும் கடல்நீரேரிகள் புகுந்து கிடக்கின்றன. அப்படியிருக்க, நிலத்தடியில் மட்டும் நன்னீர் எப்படித் தங்குகிறது?

நன்னீரைவிடக் கடல்நீர் சற்றுக் கனமானது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை ஏறத்தாழ 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1,025 கிராம். இதனால், பாறைக்குள் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. அது நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் ஒரு குவிவில்லையின் வடிவில் இருக்கும். அதனால் இதை ‘நன்னீர் வில்லை’ என்று அழைக்கின்றனர்.

இந்த வில்லையின் ஆழத்தைக் கணக்கிட ஓர் எளிய விதி உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த பாடோன் கைபன் 1888ஆம் ஆண்டிலும், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். நிலத்தடி நீரின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பதே அந்த விதி.

இதைக் கேட்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால், இதே விதியைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மீறி நீரை இறைத்து, நீர்மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால் என்னவாகும்? கொள்கையளவில், அடியிலுள்ள உப்புநீர் 20 மீட்டர் மேலே ஏறிவிடும். கிணற்றில் நீர் வற்றுவதற்கு முன்பே அது உவர்ப்பாகிவிடக்கூடும். இதைக் ‘கடல்நீர் ஊடுருவல்’ என்பர். ஒருமுறை உவர்த்துப்போன கிணறு மறுபடியும் நன்னீராவதற்குப் பல மழைக்காலங்கள் தேவைப்படலாம்.

இந்த வில்லையை நேரில் காட்டுவதுபோல் புத்தூருக்கு அருகில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் தம் படையினரின் தாகம் தீர்க்க அம்பெய்த இடம் அது என்று ஊரார் கதை சொல்வர். மிக ஆழமான அந்தக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் அடிப்பகுதியில் உப்புநீரும் இருக்கின்றன. கதை எவ்வாறாயினும், நன்னீர் மேலே மிதக்கிறது என்ற உண்மைக்கு அந்தக் கிணறு நல்ல சான்றாகும்.

துலா போய் இயந்திரம் வந்தது

முற்காலத்தில் யாழ்ப்பாணத்து விவசாயிகள் துலா கொண்டு நீர் இறைத்தனர். உயரமான கம்பத்தின் மேல் நீண்ட மரம் ஒன்று தராசுபோல் பொருத்தப்பட்டிருக்கும். ஒருவர் அதன் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையிலுள்ள நீரை வாய்க்காலில் ஊற்றுவார். இருவரோ மூவரோ விடியற்காலையிலிருந்து உழைத்தாலும் ஓரளவு நிலத்துக்கே நீர் பாயும். மனிதனின் களைப்பே நீர் எடுப்பதற்கு ஓர் எல்லையாக இருந்தது.

1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெய் இயந்திரங்களும் பின்னர் மின் இயந்திரங்களும் பரவின. முதுகொடிய உழைத்த விவசாயிக்கு அவை பெரும் விடுதலையைத் தந்தன. விளைச்சலும் வருமானமும் உயர்ந்தன. பிள்ளைகளின் படிப்புக்கு அந்த வருமானம் உதவியது. ஆகவே, இயந்திரத்தைக் குறைகூறுவது எளிது. துலா மிதித்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால், களைப்பு என்ற பழைய எல்லை நீங்கியபோது வேறோர் எல்லை தேவைப்பட்டது. அதை எவரும் வகுக்கவில்லை.

அதே காலத்தில் உரமும் மாறியது. மாட்டெருவும் பூவரசு முதலிய இலைகளும் இடப்பட்ட நிலத்தில் யூரியா போன்ற செயற்கை உரங்கள் மிகுதியாக இடப்பட்டன. வெங்காயம் ஆழமாக வேர்விடாத பயிர். அது எடுத்துக்கொள்ளாத உரம், பாய்ச்சும் நீரோடும் மழையோடும் கீழே இறங்குகிறது. யூரியாவிலுள்ள நைட்ரஜன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளாது. ஆகவே அது தடையின்றி நிலத்தடி நீரைச் சென்றடைகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் வரம்பு மீறியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அடிப்பகுதி மூடப்படாத மலக்குழிகளிலிருந்து கழிவுநீர் கசிந்து பாறை வெடிப்புகளுக்குள் செல்கிறது. மணல் நிலத்தில் நீர் மெதுவாக நகரும்போது கிருமிகள் ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புப் பாறையிலோ நீர் வெடிப்புகளின் வழியே விரைந்து ஓடும். வடிகட்டல் மிகக் குறைவு. ஓரிடத்தில் சிந்திய மாசு, குறுகிய காலத்தில் பக்கத்து வளவிலுள்ள கிணற்றை அடைந்துவிடும்.

நீரைச் சோதிக்கும் முறை

நிலத்தடி நீரின் தரத்தை மதிப்பிட ஒரு கிணற்றில் ஒருமுறை நீர் எடுத்துப் பார்த்தால் போதாது. ஆய்வாளர்கள் பின்வரும் படிகளைப் பின்பற்றுவர்.

முதலாவதாக, கிணறுகளைத் தேர்ந்தெடுப்பர். கடற்கரையை ஒட்டியவை, தோட்டத்தின் நடுவிலுள்ளவை, வீடுகள் நெருங்கிய பகுதியிலுள்ளவை எனப் பல வகைக் கிணறுகளும் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு கிணற்றின் இருப்பிடமும் வரைபடத்தில் குறிக்கப்படும். அருகில் என்ன பயிர் செய்கின்றனர், என்ன உரம் இடுகின்றனர், மலக்குழி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பனவும் எழுதி வைக்கப்படும். பிற்பாடு எண்களுக்குப் பொருள் காண இந்தக் குறிப்புகளே உதவும்.

இரண்டாவதாக, காலத்தைத் தீர்மானிப்பர். மழைக்காலம் முடிந்தவுடன் ஒருமுறையும், வறட்சியின் இறுதியில் ஒருமுறையும் நீர் எடுப்பர். மழைக்குப் பின் வில்லை தடித்திருக்கும், வறட்சியில் மெலிந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

மூன்றாவதாக, கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பர். நிலத்திலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதோடு, கடல்மட்டத்துக்கு மேல் அது எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும் கணக்கிடுவர்.

நான்காவதாக, மாதிரி நீரை எடுப்பர். போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே சில தடவை அலசிய பின்பே நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்குரிய போத்தலை மட்டும் அலசக்கூடாது. அது முன்பே கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்கும். கைவிரல் அதன் வாய்ப்பகுதியில் பட்டால்கூடச் சோதனை பழுதாகிவிடும். மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெயிலில் வைத்தால் கிருமிகளின் எண்ணிக்கை மாறிவிடும்.

ஐந்தாவதாக, சோதனைகளைச் செய்வர். வெப்பநிலை, அமில காரத் தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவை கிணற்றடியிலேயே அளக்கப்படும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே, கைக்கு அடக்கமான ஒரு கருவியை நீரில் நனைத்த சில விநாடிகளில் உப்பின் அளவை ஓரளவு ஊகித்துவிடலாம். குளோரைடு, நைட்ரேட், கிருமிகள் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பர். குளோரைடு உள்ள நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெண்மையான வீழ்படிவு உண்டாகும். எவ்வளவு கரைசல் செலவாகிறது என்பதிலிருந்து குளோரைடின் அளவைக் கணக்கிடுவர். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் ஆசிரியரின் துணையோடு இதைச் செய்து பார்க்கலாம்.

எண்கள் என்ன கூறுகின்றன?

கிடைத்த எண்களை வரம்புகளோடு ஒப்பிட வேண்டும். முக்கியமான சில வரம்புகள் பின்வருமாறு:

குளோரைடு: ஒரு லிட்டரில் ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டினால் உவர்ப்புச் சுவை தெரியத் தொடங்கும்.

நைட்ரேட்: ஒரு லிட்டரில் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

மலக்கிருமி: 100 மில்லிலிட்டர் குடிநீரில் ‘இ கோலை’ என்ற பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது.

மின்கடத்துதிறன்: பாசன நீரில் ஒரு சென்டிமீட்டருக்கு 700 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழ் இருந்தால் பயிருக்குக் கவலையில்லை, 3,000ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் பாதிக்கப்படும்.

எண்களைப் படிக்கும்போது அலகைக் கவனிக்க வேண்டும். மலேசியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டின் வரம்பு 10 என்று இருக்கும். 50ஐவிட 10 ஐந்து மடங்கு கடுமையானது என்று அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. ஒன்று முழு நைட்ரேட்டின் நிறை. மற்றொன்று அதிலுள்ள நைட்ரஜனின் நிறை மட்டுமே. 10 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது ஏறத்தாழ 44 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம். இரண்டு வரம்புகளும் கிட்டத்தட்ட ஒன்றே.

கடல்நீர் சிறிதளவு கலந்தாலும் போதும் என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. 98 குடம் நன்னீரில் 2 குடம் கடல்நீரைக் கலந்தால், கடல்நீரிலிருந்து மட்டும் லிட்டருக்கு 380 மில்லிகிராம் குளோரைடு சேர்ந்துவிடும். வரம்பு தாண்டிவிட்டது!

உவர்ப்பையாவது நாக்கு கண்டுகொள்ளும். நைட்ரேட்டுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் தீங்கு முதலில் கைக்குழந்தைகளையே தாக்குகிறது. நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமந்து செல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாயும். இதை ‘நீலக் குழந்தை நோய்’ என்பர். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாத் தீங்கும் நீங்கிவிடும் என்று பலர் நம்புகின்றனர். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், அது உண்மை. ஆனால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

மூன்று கிணறுகள்

இப்போது நீங்களே ஆய்வாளராக இருந்து பாருங்கள். கீழே உள்ளவை விளக்கத்திற்காக அமைத்த எண்கள்.

முதல் கிணறு: கடற்கரையை ஒட்டியது. மின்கடத்துதிறன் 3,400, குளோரைடு 900, நைட்ரேட் 8, மலக்கிருமி இல்லை.

இரண்டாம் கிணறு: வெங்காயத் தோட்டத்தின் நடுவில் உள்ளது. மின்கடத்துதிறன் 1,200, குளோரைடு 140, நைட்ரேட் 110, மலக்கிருமி இல்லை.

மூன்றாம் கிணறு: வீடுகள் நெருங்கிய இடத்தில் உள்ளது. மின்கடத்துதிறன் 1,300, குளோரைடு 210, நைட்ரேட் 70, மலக்கிருமி உண்டு.

முதல் கிணற்றில் குளோரைடு மிகுதி, நைட்ரேட் குறைவு. கடல்நீர் ஊடுருவியிருக்க வாய்ப்பு அதிகம். குடிக்கவும் உதவாது, வெங்காயத்துக்கும் உதவாது. வெங்காயம் உப்பை அதிகம் தாங்காத பயிர்.

இரண்டாம் கிணற்றில் நைட்ரேட் வரம்பைப் போல் இரு மடங்குக்கு மேல் உள்ளது. சுற்றிலும் தோட்டம், மலக்கிருமியும் இல்லை. ஆகவே, உரமே காரணம் என்று கருதலாம். சுவையில் இது மூன்று கிணறுகளிலும் இனிமையானதாக இருக்கக்கூடும். ஆயினும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த நீரைப் பயன்படுத்தக்கூடாது.

மூன்றாம் கிணற்றில் நைட்ரேட்டும் மலக்கிருமியும் சேர்ந்து காணப்படுகின்றன. இங்கு மலக்குழிக் கசிவையே முதலில் ஐயப்பட வேண்டும்.

ஆனால், இவை முதற்கட்ட முடிவுகள் மட்டுமே. குளோரைடு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. கழிவுநீரிலும் சில வகைப் பொட்டாசியம் உரங்களிலும் அது உண்டு. ஆகவே நல்ல ஆய்வாளர் நீர்மட்டம், பருவ மாற்றம், பக்கத்துக் கிணறுகளின் நிலை ஆகியவற்றையும் பார்த்த பிறகே முடிவு கூறுவார்.

சுன்னாகத்தில் நிகழ்ந்தது

மாசு எப்போதும் தோட்டத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் மட்டும் வருவதில்லை. குடாநாட்டின் நடுவே உள்ள சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின் நிலையங்கள் இருந்தன. அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது பெரும் போராட்டமாக மாறியது. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய கிணறு முற்றத்தில் இருந்தும், தாங்கி வண்டியில் வரும் நீருக்காக மக்கள் காத்திருந்தனர். வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பாதிக்கப்பட்டோருக்கு மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் தீர்ப்பு வெளிவந்தது.

இழப்பீட்டால் பாறைக்குள் புகுந்த எண்ணெயை வெளியே எடுக்க முடியாது. ஆற்றில் கலந்த மாசு வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படலாம். நிலத்தடியில் கலந்த மாசு கண்ணுக்குத் தெரியாமல் நெடுங்காலம் தங்கிவிடும். இதனால்தான் தொடர்ந்து சோதிப்பதும் முன்கூட்டியே தடுப்பதும் முக்கியமாகின்றன.

செய்யக்கூடியவை

விவசாயியிடம் “உரம் போடாதே, நீர் இறைக்காதே” என்று கூறுவது தீர்வாகாது. அவருக்கு அது வாழ்வாதாரம். அதோடு, மாசுபட்ட நீரை முதலில் குடிப்பவரும் அவரும் அவர் பிள்ளைகளுமே. அவருக்குத் தேவைப்படுவது தம் கிணற்றைப் பற்றிய தெளிவான தகவல்.

இரண்டாம் கிணற்றை மீண்டும் எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 110 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்ச 1 லட்சம் லிட்டர் தேவை. அதில் இரண்டரை கிலோ நைட்ரஜன் இருக்கும். இருபது தடவை பாய்ச்சினால் 50 கிலோ. இது ஏறத்தாழ 108 கிலோ யூரியாவிலுள்ள நைட்ரஜனுக்குச் சமம்! அதாவது, விவசாயி ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய உரம் கிணற்றில் கிடக்கிறது. இதை அறிந்தால் அவர் அடுத்த முறை உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். செலவு குறையும்; கிணறும் மெல்ல மெல்லத் தேறும்.

வேறு வழிகளும் உண்டு. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் வளர்ச்சிக்கேற்பச் சிறிது சிறிதாக இடலாம். பெருமழைக்கு முன் உரமிடுவதைத் தவிர்க்கலாம். சொட்டு நீர்ப்பாசனத்தால் இறைக்கும் நீரின் அளவைக் குறைக்கலாம். மலக்குழிக்குப் பதிலாக அடிப்பகுதி மூடிய தொட்டி அமைக்கலாம். குடாநாட்டில் உள்ள நூற்றுக்கணக்கான குளங்களைத் தூர்வாரினால், மழைநீர் கடலுக்கு ஓடாமல் தங்கி நிலத்துக்குள் இறங்கும்.

பெரிய திட்டங்களும் வகுக்கப்பட்டுள்ளன. கடல்நீரேரிகளைத் தடுத்து நன்னீர்த் தேக்கங்களாக மாற்றும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். தொண்டைமானாற்றில் தடுப்பணையும் கட்டப்பட்டது. ஆனால் திட்டம் முழுமை பெறவில்லை. 2024ஆம் ஆண்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இது குடிநீர்த் தேவைக்குக் கைகொடுக்கும். ஆனால், வெங்காயத் தோட்டத்துக்கு அத்தகைய நீரைப் பாய்ச்ச முடியாது. செலவு மிக அதிகம். பயிருக்கு என்றும் கிணறுதான் துணை.

நம் நாட்டிலும்

நிலத்தடி நீர் நமக்குத் தொலைவான செய்தி அன்று. மலேசியாவில் பொது நீர் வழங்கலுக்கு நிலத்தடி நீரை மிகுதியாக நம்பியிருக்கும் மாநிலம் கிளந்தான். கோத்தா பாரு வட்டாரத்தில் மணற்படுகைகளிலிருந்து நீர் எடுக்கப்படுகிறது. அங்கும் கடல் அருகில். அங்கும் நெல்லும் காய்கறியும் விளைகின்றன. ஆனால், அங்கு மக்களை வாட்டும் முக்கியச் சிக்கல் வேறு. நிலத்திலிருந்தே இயற்கையாகக் கரையும் இரும்பும் மங்கனீசும் நீரை மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாற்றுகின்றன. வெண்ணிறப் பள்ளிச் சட்டையைத் துவைத்தால் கறை படியும். இரும்புக்கு மலேசியக் குடிநீர்த் தரம் வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். அதைத் தாண்டினால் நீரின் நிறமும் சுவையும் கெடும்.

இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிளந்தானில் பழுப்பாக வரும் நீரைக் கண்டதும் மக்கள் முறையிடுகின்றனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் நைட்ரேட் மிகுந்த நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதால் எவரும் ஐயுறுவதில்லை. இரண்டில் எது கூடுதலான தீங்கு தரும் என்பதைக் கண்ணால் கூற முடியாது. அளந்து பார்த்துத்தான் கூற முடியும்.

அடுத்த முறை கிராமத்தில் உறவினர் வீட்டுக் கிணற்றில் நீர் அள்ளும்போது சற்று நின்று கவனியுங்கள். அருகில் என்ன பயிர் இருக்கிறது? மலக்குழி எங்கே இருக்கிறது? கடல் எவ்வளவு தூரம்? கடைசியாக எப்போது அந்த நீரைச் சோதித்தார்கள்? இந்த நான்கு கேள்விகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், ஒரு போத்தல் நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்கு வேறு நீரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.